வீணைக்காரர் காட்டிய பயம்

விழுப்புரத்தை அடுத்த காணையில் என் பெரியப்பா வீடு. வருஷா வருஷம் கோடை விடுமுறைக்கு அங்கேதான் போவேன். அந்த வருஷம் எனக்குப் பத்து வயசு இருக்கலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பத்து நாள் தெருக்கூத்து முடிந்து, கடைசி நாள் ராத்திரி 'டெக்கு' போட்டார்கள்.

டெக்கு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வாடகைக்கு ஒரு கலர் டி.வி., ஒரு வீடியோ பிளேயர், நாலு கேசட். சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கும். விடிய விடியப் படம் ஓடும்.

முதலில் ஒரு சாமி படம். அடுத்து இரண்டு ரஜினி படம். நாலாவது, ஊரில் யாரும் கேட்காத படம். கடைக்காரர் கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டு அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. கறுப்பு வெள்ளை. பெயர் 'நடு இரவில்'. பாதி ஊர் பாயிலேயே தூங்கிவிட்டது. இளவட்டங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து போனார்கள். நானும் பெரியப்பாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மிச்சம்.

ஒரு பெரிய பங்களா. சொந்தக்காரர்கள் வந்து கூடுகிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொல்வது யார் என்று தெரியவில்லை. மூன்றாவது சாவோ நாலாவது சாவோ, சரியாக நினைவில்லை. பட்டென்று கரன்ட் போனது.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வரவே இல்லை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த டார்ச்சோடு பெரியப்பா முன்னால் நடக்க, அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால்.

"இன்னாடா, பயந்துட்டியா?"

"பேயே வரலியே பெரியப்பா! அப்புறம் இன்னா பயம்?" என்றேன் வீராப்பாக. வேட்டியை மட்டும் விடவில்லை.

பெரியப்பா சிரித்தார். "இந்தப் படத்த எடுத்தவரு வீணை வாசிக்கிறவருடா. ரேடியோவுல வருவாரு."

நான் நம்பவில்லை. வீணை என்றால் சரஸ்வதி படத்தில் பார்த்ததுதான். அதை மடியில் வைத்திருக்கிற மனுஷன் இப்படி வரிசையாக ஆளைக் கொல்வாரா?

பெரியப்பா சொன்னது நிஜம்தான். அவர் பெயர் எஸ்.பாலசந்தர். 'எதிர்நீச்சல்' எடுத்த கே.பாலசந்தர் இல்லை, இவர் வீணை பாலசந்தர். நம்மில் பலருக்கு அந்த வீணைதான் தெரியும். தமிழ் சினிமாவில் பயம் என்கிற சரக்கை, பேய் பிசாசு கூந்தல் குங்குமம் எதுவும் இல்லாமல், மூளையை நம்பி விற்க வந்த முதல் வியாபாரிகளில் ஒருவர் அவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. நான் வணிகவியல் படித்தவன். அதனால் வியாபாரி என்கிறேன். அந்த வியாபாரத்தில் அவருக்கு லாபமா நஷ்டமா என்பதுதான் இந்தக் கதை.

*

1927 ஜனவரி 18-ம் தேதி மயிலாப்பூரில் பிறந்தவர் பாலசந்தர். அப்பா சுந்தரம் ஐயர் சங்கீதப் பைத்தியம். பாபநாசம் சிவன் போன்றவர்கள் வந்து போகிற வீடு. குழந்தைகள் எல்லோருக்கும் பாட்டு, தாளம், கூடவே கொஞ்சம் நாடகக் கிறுக்கு.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான சினிமா யோகம் அடித்தது. வி.சாந்தாராம் போன்றவர்கள் நடத்திய மராட்டிய நிறுவனம் பிரபாத், தமிழில் 'சீதா கல்யாணம்' எடுத்தது. 1934-ல் வந்த படம். சுந்தரம் ஐயர் அதில் ஜனகர். மூத்த மகன் ராஜம் ராமர். மகள் ஜெயலட்சுமி சீதை. அதாவது, அண்ணனும் தங்கையும் ராமனும் சீதையுமாக ஜோடி! மயிலாப்பூர் சும்மா இருக்குமா? 'இதென்ன அநியாயம்' என்று ஊரே வாயில் போட்டு மென்றது. அந்தப் படத்தில் ராவணன் சபையில் ஒரு பொடியன் கஞ்சிரா வாசிப்பான். அதுதான் நம் ஆள்.

ஊர் என்ன சொல்லும் என்பதை அந்த வீடு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

ராமராக நடித்த எஸ்.ராஜம் பிற்காலத்தில் பெரிய ஓவியர், பெரிய பாடகர். சீதையாக நடித்த ஜெயலட்சுமி, 'சிவகவி'யில் தியாகராஜ பாகவதருக்கு ஜோடி. தம்பி பாலசந்தரோ எதைத் தொட்டாலும் தானாகவே கற்றுக்கொள்கிற ஜாதி. கஞ்சிரா, தபலா, சிதார் என்று ஒவ்வொன்றாகக் கைவசப்படுத்தினார். கடைசியில் வீணை. அதற்கும் குரு கிடையாது. 'யாரிடம் சிட்சை?' என்று கேட்பதுதான் கர்நாடக சங்கீத உலகத்தில் முதல் கேள்வி. 'யாரிடமும் இல்லை' என்று பதில் சொல்லிவிட்டு மேடையில் உட்கார ஒரு தைரியம் வேண்டும். நடுவில் செஸ் ஆட்டத்திலும் கில்லாடி. எதிராளி அடுத்து என்ன நினைப்பான் என்று யோசிக்கிற புத்தி சின்ன வயசிலேயே வந்துவிட்டது.

1948-ல் 'இது நிஜமா' படத்தில் அவருக்கு இரட்டை வேஷம். இசையும் அவரே. அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் கொலையாகிறான். செத்தவனின் ஆவி மற்றவனோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹாலிவுட்டின் 'ஒண்டர் மேன்' படத்தைத் தழுவிய கதை. பயமுறுத்த வந்த ஆவி இல்லை, சிரிக்க வைக்க வந்த ஆவி. ஆனால் பாருங்கள், பாலசந்தரின் சினிமா வாழ்க்கையில் பேய் என்று வந்தது இந்த ஒன்றுதான். அதே 1948-ல் 'என் கணவர்' படத்தை இயக்கினார். நடிப்பும் இசையும்கூட அவரே. வயசு இருபத்தொன்று! 1951-ல் 'கைதி'. அதே வருஷம் வந்த 'ராஜாம்பாள்' படத்தில் வில்லன்.

வில்லன் வேஷம் அவருக்குப் பிடித்தது. சாந்தமான முகம், கூர்மையான கண்ணு. அந்த முகத்தில் கொலைகாரனைத் தேட யாருக்கும் தோன்றாது. அதுவே அவர் முதலீடு.

*

1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை உட்பட மற்ற பெருநகரங்களுக்கும் வந்தது. அதில் ஒரு ஜப்பானியப் படம்: அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்'. ஒரே சாவு, அதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்று படம் கடைசி வரைக்கும் அடித்துச் சொல்லாது. உலகம் முழுக்கப் பல இயக்குநர்களின் தூக்கத்தைக் கெடுத்த படம் அது. பாலசந்தரின் தூக்கத்தையும் கெடுத்தது.

அந்த உத்தியை வைத்து அவர் ஒரு கதை பண்ணினார். 1943 அக்டோபரில், உலகப் போரின் நடுவே, ஜப்பான் விமானம் வந்து சென்னையில் குண்டு போட்டது நிஜமாக நடந்த சம்பவம். அந்தக் குண்டு விழுந்த இரவுக்கு மறுநாள் காலையில் ஒரு ரேடியோ இன்ஜினீயர் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். யார் சுட்டது? பக்கத்து வீட்டுக்காரரா, தம்பியா, தம்பி பெண்டாட்டியா, கள்ளக்காதலியா, கட்டிய மனைவியா? சி.ஐ.டி. அதிகாரி விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். ஒவ்வொரு கைகாட்டலுக்கும் ஒரு பிளாஷ்பேக்.

கதையை எடுத்துக்கொண்டு ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் போனார். கணக்கில் புலியான செட்டியார் இந்த விஷப்பரீட்சைக்கு ஒப்புக்கொண்டதே பெரிய ஆச்சரியம். அந்த சி.ஐ.டி.யாக நடித்த ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதை, வசனத்தை எழுதினார். கதாநாயகனாக வேறொருவரை வைத்துப் படப்பிடிப்பு நடந்தது. போட்டுப் பார்த்த செட்டியாருக்குத் திருப்தியில்லை. எடுத்ததைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சிவாஜி கணேசனைக் கூட்டி வந்து மறுபடி எடுக்கச் சொன்னார்.

இங்கே நம்ம ஊர்ப் பெருமை கொஞ்சம். சிவாஜி பிறந்தது விழுப்புரத்தில். காணையிலிருந்து ஒரு பஸ் தூரம். எங்கள் பெரியப்பா தலைமுறைக்கு அவர் 'நம்ம ஊரு கணேசன்'.

1954 மார்ச்சில் 'மனோகரா' வந்தது. சங்கிலியை அறுத்துக்கொண்டு சிவாஜி கர்ஜிக்க, தியேட்டர் இடிந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு சமயத்தில், ஏவி.எம்.மின் 'அந்த நாள்'. அதே சிவாஜியைப் பார்க்க ரசிகர்கள் முண்டியடித்து வந்தார்கள். படம் ஆரம்பித்ததும் ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி தள்ளாடி விழுந்து செத்துப் போகிறார்! பிளாஷ்பேக்கில் திரும்பி வருகிறார் என்றாலும், போகப் போக அவர் நல்லவரில்லை என்று தெரிகிறது. கெட்டவர் மட்டுமில்லை, எதிரிக்கு உளவு சொல்கிற தேசத்துரோகி.

இதையெல்லாம்கூட ரசிகர்கள் தாங்கிக்கொண்டிருப்பார்கள். தாங்க முடியாதது வேறு. படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது.

தமிழ் சினிமா பேச ஆரம்பித்தபோதே பாடிக்கொண்டுதான் பேசியது. 1931-ல் வந்த 'காளிதாஸ்' படத்தில் ஐம்பது பாட்டு என்பார்கள். 1954-லும் பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற கூட்டம்தான் அதிகம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழில் பாட்டே இல்லாத முதல் படம் இது. எப்போ பாட்டு வரும் என்று காத்திருந்த ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பத்திரிகைகள் பாராட்டின. கல்லா மட்டும் நிறையவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'பாட்டு வேண்டாம்' என்று முடிவெடுத்தது யார்? ராகமும் தாளமும் ரத்தத்தில் ஓடுகிற ஒரு சங்கீத வித்வான்! இசை தெரியாதவர் பாட்டை வேண்டாம் என்றால் அது இயலாமை. வித்வான் வேண்டாம் என்றால், அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

*

அது என்ன கணக்கு?

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். துரியோதனனோ துச்சாதனனோ நேராக வந்து நிற்க மாட்டார்கள். இரண்டு பேர் ஒரு திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம் வரும். அப்புறம் ஒரு அதட்டல். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். முன்வரிசைக் குழந்தைகள் அப்போதே அம்மா மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். திரை விலகி வேஷம் வெளியே வந்தபின் அவ்வளவு பயமில்லை. அது நம்ம ஊரு ஆளுதானே என்று தெரிந்துவிடும்.

பயம் முதலில் காது வழியாக வருகிறது. கண் பார்ப்பதற்கு முன்னால் காது கேட்டுவிடுகிறது. காது கேட்டதை மனசு பெரிதாக்கிக்கொள்கிறது. இருட்டில் தனியாக நடந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

பாட்டு என்ன செய்கிறது? 'கவலைப்படாதே, இது சினிமாதான்' என்று தோளில் தட்டிச் சொல்கிறது. நாலு நிமிஷம் கதை நிற்கிறது. பீடி பிடிக்க வெளியே போகலாம். இறுக்கிப் பிடித்த கயிறு தளர்ந்துவிடுகிறது. அந்தத் தளர்வைத் தரக்கூடாது என்று பாலசந்தர் முடிவெடுத்ததாகத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஆறு வருஷம் கழித்து, 1960-ல், அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 'சைக்கோ' எடுத்தார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று அவர் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. ஊதல், தாளம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வயலின் குடும்பத்துத் தந்திகளை மட்டும் வைத்துக் கிறீச்சிட வைத்தார். கத்தி உடம்பில் இறங்குவதை நாம் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. கேட்கிறோம். இன்றைக்கும் உலகத்தை நடுங்க வைப்பது அந்தத் தந்திச் சத்தம்தான்.

ஹிட்ச்காக்குக்கு ஒரு ஹெர்மன் தேவைப்பட்டார். பாலசந்தரோ தன் சொந்தப் படங்களுக்குத் தானே ஹெர்மன். தந்தி அவர் மடியிலேயே இருந்தது.

*

'அந்த நாள்' அனுபவத்துக்குப் பிறகு இன்னொருவராக இருந்தால், அடுத்த படத்தில் எட்டுப் பாட்டு வைத்துப் பாவத்தைக் கழுவியிருப்பார். இவர் தெலுங்கில் 'ஏதி நிஜம்' எடுத்தார். பிறகு சொந்தப் படக் கம்பெனி. தயாரிப்பு, இயக்கம், இசை, வில்லன் எல்லாம் ஒரே ஆள். 1962-ல் 'அவனா இவன்'. 1964-ல் 'பொம்மை'.

'பொம்மை' ரொம்ப எளிமையான கதை. ஒரு தொழிலதிபரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிறார்கள். ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள். அந்தப் பொம்மை போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், கை மாறிக் கை மாறிச் சென்னை முழுக்கச் சுற்றுகிறது. வைத்திருக்கிறவர் யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நமக்குத் தெரியும்.

ஹிட்ச்காக் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார். மேஜைக்கடியில் இருக்கிற குண்டு திடீரென்று வெடித்தால், அது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சாவகாசமாக அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், அது சஸ்பென்ஸ். அவருடைய 1936-ம் வருஷத்துப் படமான 'சபோட்டேஜ்'-ல் ஒரு சிறுவன் குண்டு என்று தெரியாமலே அதைத் தூக்கிக்கொண்டு லண்டனைச் சுற்றுவான். 'பொம்மை' பார்க்கும்போது அந்த ஞாபகம் வராமல் போகாது. ஆனால் லண்டனின் குண்டு தமிழ்நாட்டுக்கு வரும்போது குழந்தைகள் ஆசைப்படுகிற பொம்மையாக மாறுகிறது பாருங்கள், அதுதான் நம்ம ஆளின் வேலை. பொம்மையைக் கண்டு எந்தத் தாயும் பயப்படமாட்டாள். பாலசந்தர் பயப்பட வைத்தார்.

இந்தப் படத்தில் பாட்டு உண்டு. கே.ஜே.யேசுதாஸ் என்கிற இளைஞரின் குரலைத் தமிழ் ரசிகர்கள் முதன்முதலில் கேட்டது 'பொம்மை'யில்தான். பாட்டை வேண்டாம் என்று சொல்லி அடிபட்ட மனிதர், பாட்டு வைக்கும்போது எப்படிப்பட்ட குரலைத் தேடிப் பிடித்திருக்கிறார்! படம் முடிந்ததும் இன்னொரு புதுமை. விளக்கைப் போட்டு எழுந்து போகும் நேரத்தில், நடிகர்களையும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் ஒவ்வொருவராகத் திரையில் நிறுத்தி அறிமுகப்படுத்தினார். லைட் போட்டவர், படம் பிடித்தவர் எல்லோருக்கும் முகம் உண்டு என்று காட்டிய மரியாதை அது.

அப்புறம்தான் எங்கள் காணையில் கரன்ட் போன படம்.

அகதா கிறிஸ்டி 1939-ல் எழுதிய நாவல் ஒன்று உண்டு. பத்துப் பேர் ஒரு தீவு பங்களாவில் மாட்டிக்கொள்கிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். உலகத்தில் மிக அதிகமாக விற்ற துப்பறியும் நாவல்களில் ஒன்று. அந்த எலும்புக்கூட்டுக்கு பாலசந்தர் தமிழ்ச் சதை போட்டார். வெளிநாட்டுக் கதையில் மாட்டிக்கொள்பவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். 'நடு இரவில்' படத்தில் வந்து கூடுகிறவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்! பணக்காரர் தயானந்தமாக மேஜர் சுந்தரராஜன். அவர் நாள் எண்ணப்படுகிறது என்று டாக்டர் சொல்கிறார். புத்தி பேதலித்த மனைவியாக பண்டரிபாய். சாகப்போகிறவரின் சொத்துக்காக, ஒட்டு உறவு இல்லாமல் இருந்த உறவெல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறது. டாக்டராக நடித்தவர் பாலசந்தரே.

இதில்தான் அவருடைய சாமர்த்தியம். தமிழனுக்குப் பங்களாவில் பேய் இருந்தால் பயம் கொஞ்சம்தான். வேப்பிலை அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். கூடத்தில் சித்தப்பாவும் அத்தையும் மாமாவும் ஒன்றாக உட்கார்ந்து, நடுவில் சொத்துப் பத்திரம் இருந்தால்? அந்தப் பயம் வேறே பயம். பாகப்பிரிவினையைப் பார்க்காத குடும்பம் நம் ஊரில் உண்டா? பத்து வயசில் எனக்கு அது புரியவில்லை. பெரியப்பாவுக்குப் புரிந்திருக்கும். அவர் ஏன் அன்றைக்கு அவ்வளவு அமைதியாகப் படம் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

படம் எடுத்து முடித்தும் சில வருஷம் பெட்டியில் காத்திருந்து 1970-ல்தான் வெளிவந்தது. அதுவே அவருடைய கடைசிப் படம்.

*

சரி, கணக்கைப் பார்த்துவிடலாம்.

வரவு: 1948-லிருந்து 1970 வரை இருபத்திரண்டு வருஷம். விரல் விட்டு எண்ணக்கூடிய படங்கள். செலவு: சொந்தப் பணம், வில்லன் என்கிற பெயர், ஒவ்வொரு முறையும் விநியோகஸ்தரிடம் 'சார், இதுல சண்டை இல்ல, ஆனா கடைசி வரைக்கும் யாருன்னு தெரியாது' என்று விளக்குகிற வேதனை. சாதாரணக் கணக்குப்பிள்ளை பார்த்தால் 'நஷ்டம்' என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டுவிடுவான்.

ஆனால் எங்கள் வணிகவியல் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு தலைப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து.  பாலசந்தர் விட்டுப்போனது அந்த மாதிரிச் சொத்து. கடை மூடியபின் அவருக்கு அதில் ஒரு பைசா வரவில்லை என்பது வேறு விஷயம்.

சினிமாவை விட்டபின் மனுஷன் முழுக்க முழுக்க வீணைக்காரரானார். வெளிநாடுகளில் கச்சேரி. 1982-ல் பத்மபூஷண். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிந்து வைத்தார். அவர் வாசிப்பில் ஒரு விசேஷம் சொல்வார்கள். ஒரே மெட்டில் விரலை வைத்து, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, அடுத்தடுத்த ஸ்வரங்களை அங்கேயே வரவழைப்பார். கேட்கிறவனுக்கு 'அறுந்துடுமோ' என்று இருக்கும். அறுக்காது. அறுகிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துகிற கை அது. அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு அந்த வீணையைக் கேட்டால், இரண்டும் ஒரே வித்தை என்று தெரியும்.

துப்பறிகிற புத்தி மட்டும் அவரை விடவில்லை. அது சங்கீத உலகத்துக்குள் புகுந்தது. பாலமுரளிகிருஷ்ணா புது ராகங்களை உருவாக்கினார் என்றபோது, 'அது எப்படிப் புதுசு?' என்று சண்டைக்குப் போனார். 1980-களில் அதைவிடப் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் எழுதியதாகப் பாடப்படுகிற கீர்த்தனைகள் அவருடையவை இல்லை. அப்படி ஒரு சங்கீத மேதை இருந்ததே கட்டுக்கதை என்றார். ஆதாரம் காட்டு, எப்போ எழுதினார், யார் மெட்டு போட்டார் என்று பெரிய பெரிய வித்வான்களையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். கடிதம் மேல் கடிதம். ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அப்போதும் இல்லை.

இதில் அவர் பக்கம் நின்றவர்கள் குறைவு. பெரும்பாலான இசை ஆய்வாளர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை. சில மெட்டுகள் பிற்காலத்தில் போடப்பட்டவை என்பது வேறு. அந்த மகாராஜா இயற்றவே இல்லை என்பது வேறு. இரண்டையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நண்பர்கள் விலகினார்கள். மனக்கசப்பு மிஞ்சியது. ஆனால் அந்தச் சண்டையின் வடிவத்தைப் பாருங்கள்: ஒரு கீர்த்தனை, பல சாட்சிகள், ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள், உண்மையில் செய்தது யார்? 'அந்த நாள்' படத்தின் அதே விசாரணை! சி.ஐ.டி. வேஷத்தை இந்த முறை அவரே போட்டுக்கொண்டார். சினிமாவில் கடைசி ரீலில் உண்மை வெளிவந்துவிடும். வாழ்க்கையில் கடைசி ரீல் அப்படி ஒத்துழைப்பதில்லை.

1990-ல் கச்சேரிக்காக பிலாய் போன இடத்தில் காலமானார். வயது 63. தேதி ஏப்ரல் 13.

'அந்த நாள்' வெளியான தேதி ஞாபகம் இருக்கிறதா? 1954 ஏப்ரல் 13. சரியாக முப்பத்தாறு வருஷம். இதைக் கதையாக எழுதினால், 'ரொம்ப செயற்கையா இருக்கு' என்று அவரே அடித்திருப்பார்.

*

பாட்டில்லாத படத்தைத் தமிழன் பார்க்கமாட்டான் என்று 1954-ல் எழுதிய தீர்ப்பு மெதுவாகத்தான் மாறியது. பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல், கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' 1995-ல், 'ஆரண்ய காண்டம்' 2011-ல் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2019-ல் லோகேஷ் கனகராஜின் படம் பாட்டே இல்லாமல் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. பெயர்? 'கைதி'. 1951-ல் பாலசந்தர் எடுத்த படத்துக்கும் அதே பெயர்தான். தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

பேய்ப் படங்களும் இப்போது வாரத்துக்கு ஒன்று வருகின்றன. பேய் ஆடுகிறது, பாடுகிறது, காமெடி பண்ணுகிறது. குறை சொல்லவில்லை, நானும் குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்து லைட்டை அணைத்ததும் தூங்கியும் விடுகிறேன். அதுதான் பிரச்னை.

போன வருஷம் காணைக்குப் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல். காது மட்டும் கெட்டி. திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் 'நடு இரவில்' படத்தைப் போட்டேன். கரன்ட் போன அந்த இடம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பாக்கி வைத்திருந்த மிச்சப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பெரியப்பாவுக்குத் திரை தெரியவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ஒரு இடத்தில் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"இன்னா பெரியப்பா, பயந்துட்டீங்களா?"

"சும்மா இருடா. யாரோ வர்றாங்க."

கொலைகாரன் யார் என்று கடைசியில் தெரிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லமாட்டேன். படத்தைத் தேடிப் பிடித்து நீங்களே பாருங்கள். ராத்திரியில், லைட்டை அணைத்துவிட்டு, சத்தத்தை மட்டும் கூட்டி வைத்து!